மாரி காலத்து வாவி நீரில் ட்ரிட்டியம் லியூசின்: கொன்ற குழாயின் எண்ணிக்கை ஏன் இப்படி ஏறுகிறது?

வாவிக்கரை மாணவி

வணக்கம். மட்டக்களப்பு வாவி நீரில் பற்றீரியாக்கள் எவ்வளவு வேகமாகப் புரதம் கட்டுகின்றன என்பதை ட்ரிட்டியம் (கதிர்வீசும் ஐதரசன்) ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலம் கொண்டு அளக்கிறோம். இடங்கள் மூன்று: பாலமீன்மடு முகத்துவாரம், கல்லடிப் பாலத்தடி, உட்பக்கத்தில் வயல் வடிச்சல் வந்து விழும் ஒரு மூலை.

செய்முறை சின்ன மையநீக்கிக் குழாய் முறைதான். 2 மில்லிலீற்றர் திருகுமூடிக் குழாயில் 1.5 மில்லிலீற்றர் நீர், அதற்கு 25 மைக்ரோலீற்றர் லியூசின் கரைசல். இறுதிச் செறிவு 40 நானோமோலார். அதில் பத்தில் ஒன்று கதிர் லியூசின், மிச்சம் சாதாரண லியூசின். குழாய்க்கு 0.72 மைக்ரோகியூரி. இருட்டில் 30 நிமிடம் வைத்து, 100 வீத டி.சி.ஏ (முக்குளோரோ அசற்றிக் அமிலம்) 80 மைக்ரோலீற்றர் விட்டு நிறுத்துகிறோம். 16,000 ஜீயில் 10 நிமிடம் சுழற்றல், குளிர்ந்த 5 வீத டி.சி.ஏ 1 மில்லிலீற்றரால் ஒரு கழுவல், 80 வீத எதனோல் 1 மில்லிலீற்றரால் இன்னொரு கழுவல், உலர்த்தி, கதிரை எண்ணக்கூடிய வெளிச்சமாக மாற்றும் சின்டிலேஷன் திரவம் 1 மில்லிலீற்றர்.

கோடையில் சிக்கல் இல்லை. மாரி தொடங்கியபின் முகத்துவார நீரில் உயிருள்ள குழாய் 14,000 டி.பி.எம் (நிமிடத்துக்கு இத்தனை கதிர்ச்சிதைவு), கொன்ற குழாய் (லியூசினுக்கு முன்பே டி.சி.ஏ விட்டது, பின்னணியைக் கழிக்க) 600. உட்பக்க நீரில் உயிருள்ளது 9,000, கொன்றது 4,000. ஒரே நீரில் வைத்த பிரதிக் குழாய்களும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. கழுவல் போதாதா, அல்லது நீரில்தான் ஏதும் இருக்கிறதா? இன்னொன்று: மழை வெள்ளத்தோடு விப்ரியோ (கொலராக் கிருமி சேர்ந்த பற்றீரியாக் குடும்பம்) பெருகுகிறதா என்று சொல்வதற்கு இந்த அளவை உதவுமா?

எண்ணியடி

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 0.72 மைக்ரோகியூரி என்றால் குழாய்க்குள் போனது கிட்டத்தட்ட 16 இலட்சம் டி.பி.எம். 4,000 என்பது அதில் 0.25 வீதம். சுழற்றியபின் அடியில் 50 மைக்ரோலீற்றர் நீர் விட்டு உறிஞ்சுகிறீர்கள் என்று வைப்போம். 1.6 மில்லிலீற்றரில் 50 என்றால் 3 வீதம், அதாவது 50,000 டி.பி.எம் மிச்சம். 1 மில்லிலீற்றர் விட்டுக் கழுவித் திரும்ப 50க்கு உறிஞ்சினால் 2,400. எதனோலும் அப்படியே போனால் 115 அளவு. ஆக அடியில் தங்கும் திரவம் மட்டும் 4,000ஐத் தராது. 600ஐக்கூடத் தராது.

600க்குக் காரணம் சுவர். குழாயில் கதிர்த் திரவம் நின்ற மட்டம் 1.6 மில்லிலீற்றர், நீங்கள் கழுவுவது 1 மில்லிலீற்றரால். மேலே உள்ள சுவர்ப்பட்டையையும் மூடியின் உள்வட்டத்தையும் கழுவல் தொடுவதே இல்லை. கடைசியில் சின்டிலேஷன் திரவம் விட்டுக் குலுக்கும்போது அங்கே காய்ந்து கிடந்த லியூசின் எல்லாம் இறங்கி வந்து எண்ணில் சேர்கிறது. இரண்டு கழுவலையும் 1.6 மில்லிலீற்றராக ஆக்குங்க. மூடியை இறுக்கிக் குழாயைத் தலைகீழாக நாலைந்து தரம் புரட்டி, பிறகு சுழற்றுங்க. மூடியின் ரப்பர் வளையத்துக்குள் ஒரு துளி நின்றாலே பிரதிகள் சிதறும். அதனால் கழுவல் முடிந்ததும் புது மூடி போடுவது நல்லது.

பிரதிகள் ஒத்துவராததற்கு இன்னொரு காரணம், படிவு கண்ணுக்குத் தெரியாதது. குழாயைச் சுழலியில் வைக்கும்போது வெளிப்பக்கம் பார்க்கும் பக்கத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்க. படிவு அந்தக் கோட்டின் அடியில்தான் ஒட்டியிருக்கும். உறிஞ்சும் முனையை எதிர்ப்பக்கச் சுவரோடு இறக்கி, மட்டம் குறையக் குறையப் பின்தொடருங்க. ஒவ்வொரு சுழற்றலிலும் கோடு அதே பக்கம் வெளியே பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் குழாயைத் திருப்பி வைத்தால் படிவு சுவரில் பரவி, பாதி எதனோலோடு போய்விடும்.

இனி மிச்சம் 3,400. கழுவல் குறை மட்டும் என்றால் மூன்று இடத்து நீருக்கும் ஒரே அளவு வர வேண்டும். முகத்துவார நீரில் அது இல்லை, உட்பக்க நீரில் இருக்கிறது. ஆகவே அது நீரிலுள்ள பொருள். இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, வெள்ளத்தில் வரும் களித்துகளில் லியூசின் ஒட்டுகிறது. மற்றது, பிளேன்ரீ நிறத்தில் கரைந்து வரும் இலைமட்கு அமிலங்கள் டி.சி.ஏயில் திரண்டு, லியூசினையும் பிடித்துக்கொண்டு படிகின்றன. எது என்று பிரிக்க வழி லேசு. உட்பக்க நீரில் ஒரு பகுதியை 0.2 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, வடித்ததையும் வடிக்காததையும் டி.சி.ஏயால் கொன்று, 15 நிமிடம் விட்டு, பிறகு லியூசின் விடுங்க. வடித்த நீரில் எண்ணிக்கை விழுந்தால் களி. விழாவிட்டால் கரைந்த பொருள்.

களி என்றால் மருந்து: கழுவும் 5 வீத டி.சி.ஏக்குள் சாதாரண லியூசின் 1 மில்லிமோலார் கரைத்துக்கொள்ளுங்க. ஒட்டியிருக்கும் கதிர் லியூசினை அது இடம்பெயர்த்து எடுக்கும். புரதத்துக்குள் போனதை அது தொடாது. கரைந்த பொருள் என்றால் டி.சி.ஏ கழுவலை ஒன்றிலிருந்து இரண்டாக்குங்க.

கொன்ற குழாய் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வேண்டும். முகத்துவாரக் கொன்ற எண்ணை உட்பக்கத்துக்குக் கழிப்பது பிழையான விடை தரும். உயிருள்ளது மூன்று, கொன்றது இரண்டு என்பது ஆகக் குறைந்தது. வெள்ளக் காலத்தில் மூன்றுக்கு மூன்று வையுங்க.

உப்புமானி

மேலே சொன்னதெல்லாம் கொன்ற குழாயைப் பற்றியது. எனக்கு உயிருள்ள குழாயின் 9,000தான் கூடுதல் கவலை. மாரியில் உட்பக்க நீரின் உப்பு எவ்வளவு? ஆயிரத்துக்கு 5க்குக் கீழே என்றால் இந்த முறை அப்படியே சரிவராது.

1992இல் சிமித்தும் அசாமும் இந்தச் சின்னக் குழாய் முறையைக் கொண்டுவந்தது கடல் நீருக்கு. கடலின் உப்பு டி.சி.ஏயோடு சேர்ந்து புரதத்தை நன்றாகத் திரட்டி அடியில் இறக்கும். நன்னீரில் அந்தத் திரட்சி தளர்வாக இருக்கும். படிவின் ஒரு பகுதி மிதந்து, உறிஞ்சும்போது போய்விடும். உயிருள்ள எண் குறையும், பிரதிகள் சிதறும், இரண்டும் உங்களிடம் தெரிகிறது. இதற்கு 1999இல் கேர்ஷ்னரும் வெலிமிரோவும் காட்டிய திருத்தம் சாதாரண உப்பு: இறுதியில் 3.5 வீதம் சோடியம் குளோரைட்.

உங்கள் குழாய்க்குக் கணக்கு இப்படி வரும். 100 மில்லிலீற்றரில் 30 கிராம் கரைத்த உப்புக் கரைசலில் 210 மைக்ரோலீற்றர். கனவளவு கூடுவதால் டி.சி.ஏ 80 போதாது, 90 மைக்ரோலீற்றர் விடுங்க. மொத்தம் 1.83 மில்லிலீற்றர் அளவு வரும், 2 மில்லிலீற்றர் குழாய் தாங்கும். டி.சி.ஏயை விட்டு, மறுகா உப்பு. முதலில் உப்பை விட்டால் நன்னீர்ப் பற்றீரியா உயிரோடு அதிர்ச்சிப்பட்டு அந்தச் சில கணத்தில் எடுப்பை மாற்றும்.

முகத்துவார நீருக்கும் அதே உப்பை அதே அளவு விடுங்க. அங்கே தேவையில்லைதான். ஆனால் மூன்று இடத்தையும் ஒப்பிட வேண்டுமென்றால் செய்முறை ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க அப்படியே செய்யுங்க, ஏனென்றால் முகத்துவாரம் வெட்டுப்பட்ட பிறகும் அடைபட்ட பிறகும் கல்லடியில் உப்பு ஏறி இறங்கும்.

வாவிக்கரை மாணவி

மிக்க நன்றி. உப்பு: முகத்துவாரம் 28, கல்லடி 9, உட்பக்கம் 2. சொன்னபடி பார்த்தால் உட்பக்க எண்ணில் இரண்டு பிழையும் ஒன்றாக இருக்கின்றன போல. உப்புச் சேர்த்தும் சேர்க்காமலும் பக்கத்துப் பக்கம் செய்து பார்க்கிறோம். எதனோல் கழுவலுக்குப் பிறகு படிவு மண்ணிறமாக இருப்பதையும் கவனித்தோம். 40 நானோமோலார், 30 நிமிடம் இரண்டும் கட்டுரைகளிலிருந்து எடுத்தவை. குழாய்களை வைப்பது குளிரூட்டிய அறையில், 24 பாகை.

எண்ணியடி

மண்ணிறப் படிவு என்றால் எண்ணும் கருவியையும் கவனிக்க வேண்டும். ட்ரிட்டியத்தின் பீற்றாத் துணிக்கைக்கு ஆகக் கூடிய சக்தி 18.6 கிலோ இலத்திரன்வோல்ற்றுதான். நீரில் அது ஆகக் கூடினால் 6 மைக்ரோமீற்றர் போகும். படிவு கட்டியாகக் கிடந்தால் உள்ளே இருப்பது வெளிச்சமாகவே மாறாது, வந்த வெளிச்சத்தையும் நிறம் விழுங்கும். நல்ல தெளிந்த திரவத்தில் எண்ணும் திறன் 50, 60 வீதம் இருந்தால் நிறமேறியதில் 30க்கும் கீழே போகலாம். உங்கள் டி.பி.எம், கருவி ஒவ்வொரு குழாய்க்கும் இந்த வெளிச்ச இழப்பை (தணிப்பை) திருத்தித் தந்ததா, அல்லது ஒரே திறனால் வகுத்ததா என்று பாருங்க. ஒரே திறன் என்றால் உட்பக்க எண் முழுவதும் குறைவாகத்தான் வந்திருக்கும்.

சோதிக்க வழி: எண்ணி முடித்த சில குழாய்களுக்குள் அளவு தெரிந்த ட்ரிட்டிய நியமத்தை ஒரு சின்னத் துளி விட்டுத் திரும்ப எண்ணுங்க. கூடிய எண்ணை விட்ட அளவால் வகுத்தால் அந்தக் குழாயின் உண்மைத் திறன். சின்டிலேஷன் திரவம் விட்டதும் நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு இருட்டில் வைத்து எண்ணுங்க. உடனே எண்ணினால், கதிரால் அல்லாமல் இரசாயனத் தாக்கத்தால் எழும் மினுக்கமும் சேர்ந்து எண்ணப்படும்.

கச்சான் காற்று

24 பாகையை மாற்றுங்கள். வாவி நீர் 30 பாகை என்று வைத்தால் 6 பாகை வித்தியாசம். பத்துப் பாகைக்கு வேகம் இரட்டிக்கும் என்று கொண்டால் நீங்கள் அளப்பது உண்மையின் மூன்றில் இரண்டு பங்கு. எடுத்த இடத்து வெப்பநிலையில் நீர்த்தொட்டியை வைத்து, ஒரு பாகைக்கு மேல் விலகாமல் பாருங்கள். நீரை எடுத்து ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்குவதும் முக்கியம். போத்தல் சுவரில் பற்றீரியா ஒட்டி வளரத் தொடங்கினால் அது வாவியின் வேகம் அல்ல.

40 நானோமோலார் பற்றி: கடலில் 10, 20 போதும். சத்து நிறைந்த களப்பு நீரில் ஏற்கெனவே கரைந்த லியூசின் கூட இருக்கும், பற்றீரியாவும் கூட. உங்கள் ஒவ்வொரு இடத்திலும் 5, 10, 20, 40, 80, 160 என்று போட்டு ஒரு வளைகோடு எடுங்கள். எந்தச் செறிவுக்கு மேல் எடுப்பு ஏறவில்லையோ அதுவே உங்கள் செறிவு. உட்பக்க நீரில் 40 இன்னும் ஏறும் பகுதியிலேயே நிற்கலாம். அப்படியென்றால் மழைக்காலத்தில் நீங்கள் காணும் வீழ்ச்சி, வாவி நீரில் லியூசின் கூடியதால் கதிர் லியூசின் ஐதான வீழ்ச்சியாகவும் இருக்கலாம். நேரத்துக்கும் அதே மாதிரி: 10, 20, 30, 45, 60 நிமிடம். கோடு நேராக இருக்கும் வரைதான் அளவை செல்லும். சூடான நீரில் 30க்கு முன்பே வளையக்கூடும். 80, 160க்குக் கதிர் லியூசினைக் கூட்ட வேண்டாம், சாதாரணதை மட்டும் கூட்டுங்கள். எண்ணிக்கை உங்களுக்குத் தாராளமாக இருக்கிறது, செலவும் கழிவும் மிச்சம்.

கணக்கு ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், முகத்துவார எண்ணை வைத்து. கதிர் லியூசின் மில்லிமோலுக்கு 120 கியூரி, பத்து மடங்கு ஐதாக்கியதால் 12. அது பிக்கோமோலுக்கு 26,640 டி.பி.எம். 14,000இல் 600 கழித்தால் 13,400. வகுத்தால் 0.50 பிக்கோமோல். 1.5 மில்லிலீற்றருக்கும் அரை மணிக்கும் ஆக, லீற்றருக்கு மணிக்கு 0.67 நானோமோல். காபனாக்க, லியூசின் மோலுக்கு 1.55 கிலோகிராம் என்ற பெருக்கம். பற்றீரியப் புரதத்தில் லியூசின் 7.3 வீதம், புரதத்துக்குக் காபன் 0.86 என்பவற்றிலிருந்து சைமனும் அசாமும் 1989இல் எடுத்தது. விடை லீற்றருக்கு மணிக்கு 1.04 மைக்ரோகிராம் காபன். இந்த 1.55, கலத்துக்குள் லியூசின் ஐதாகவில்லை என்று கொண்டது. அதை அளக்காமல் இரண்டால் பெருக்கி 3.1 போடுவோரும் உண்டு. எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் வேறொருவரின் வாவியோடு உங்கள் வாவியை ஒப்பிட முடியாது.

நீர் பச்சை பிடித்திருக்கும் காலத்தில் சில நீலப்பச்சைப் பற்றீரியாக்களும் லியூசினை எடுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தட்டும் குழம்பும்

விப்ரியோ கேள்விக்கு: இல்லை. லியூசினை நீரிலுள்ள பற்றீரியா எல்லாம் எடுக்கும். எண்ணிக்கை கூடினால் மொத்தம் கூடியது என்று மட்டும்தான் சொல்லலாம், யார் வளர்ந்தது என்று சொல்ல முடியாது. மொத்தம் குறைந்திருக்கும் நாளிலும் விப்ரியோ பெருகியிருக்கலாம். உப்பு 2க்கு இறங்கிய உட்பக்க நீரைவிட இடைப்பட்ட உப்புள்ள கல்லடிப் பக்கத்தில்தான் பல விப்ரியோ இனங்களுக்கு வாழ்வு வசதி.

முதற் படி டி.சி.பி.எஸ் ஊடகத்தட்டு, விப்ரியோவைத் தேர்ந்து வளர்ப்பது. மஞ்சள் குடியிருப்பு என்றால் சுக்குரோசை நொதிக்கும் இனம், கொலரா விப்ரியோவும் அல்ஜினோலிற்றிக்கசும் அதில் வரும். பச்சை என்றால் பராஹீமோலிற்றிக்கஸ், பெரும்பாலான வல்னிபிக்கஸ். நிறம் முதற்சல்லடைதான், உறுதிக்கு உயிரிரசாயனச் சோதனையோ மரபணுச் சோதனையோ வேண்டும்.

"விப்ரியோ இந்த நீரில் இப்போது உண்மையில் உண்கிறதா" என்பதே கேள்வி என்றால் ட்ரிட்டியம் உங்களுக்கு வேறு வழியில் உதவும். நுண்கதிர்ப்பதிவையும் ஒளிர் மரபணுக் குறியையும் சேர்த்துச் செய்யும் முறை. லியூசினோடு வைத்த நீரை நிலைப்படுத்தி, 0.2 மைக்ரோமீற்றர் வடியில் பிடித்து, விப்ரியோவின் ரைபோசோம் ஆர்.என்.ஏயில் ஒட்டும் ஒளிர் குறி போட வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி உப்புக் குழம்பு பூசிய கண்ணாடித் தட்டில் கலங்களைப் பதித்து, 4 பாகையில் சில நாள் விட்டு உருத்துலக்க வேண்டும். லியூசின் எடுத்த கலத்தைச் சுற்றிக் கறுப்பு வெள்ளி மணிகள் நிற்கும், விப்ரியோ என்றால் அதே கலம் நிறமாக ஒளிரும். இரண்டும் ஒரே கலத்தில் தெரிந்தால்தான் விடை. இதற்கு ஐதாக்காத கதிர் லியூசின் வேண்டும், உங்கள் பத்துக்கு ஒன்றுக் கலவை போதாது. களி நிறைந்த நீரில் பின்னணி மணிகள் தொல்லை தரும், கொன்ற தட்டு இங்கேயும் கட்டாயம்.

கதிரே வேண்டாம் என்றால் அசிடோஹோமோஅலனின் என்ற செயற்கை அமினோ அமிலத்தை உண்ணக் கொடுத்து, கிளிக் இரசாயனத்தால் ஒளிரவைக்கும் முறை இருக்கிறது. எந்தக் கலம் புரதம் கட்டுகிறது என்பதை அது நன்றாகக் காட்டும். உரிமமும் கழிவுச் சிக்கலும் இல்லை. ஆனால் அதிலிருந்து லீற்றருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கை நேரடியாக எடுக்க முடியாது. உங்கள் வேலைக்கு லியூசின் ஒரு பக்கம், டி.சி.பி.எஸ் ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே நீரில் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாவிக்கரை மாணவி

இன்னுமொன்று. எண்ணும் கருவி எங்களிடம் இல்லை, வெளியே கொடுத்து எண்ணுவிக்கிறோம். திரவம் விட்டபின் அனுப்புவதா, முன்னா? முகத்துவாரக் கரையிலேயே லியூசின் விட்டுக்கொள்ளலாமா?

எண்ணியடி

கரையில் வேண்டாம். படகிலும் வேண்டாம். வெப்பம் காக்கும் பெட்டியில் வாவி நீரையே நிரப்பி, அதற்குள் மாதிரிப் போத்தலை நிறுத்திக் கொண்டுவாங்க. லியூசின் விடுவது உரிமம் உள்ள அறையில், உறிஞ்சுதாள் விரித்த தட்டத்துக்குள் மட்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி, கதிர்ப்பொருளை வைத்திருக்கவும் பாவிக்கவும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதி வேண்டும். இன்னொரு இடத்துக்கு அனுப்புவதையும் முன்கூட்டியே அவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்க.

ட்ரிட்டியத்தின் கதிர் வெளியிலிருந்து தோலைத் துளைக்காது. ஆபத்து உள்ளே போனால்தான். கைகர் எண்ணி அதைக் காணவே காணாது, அது பேசாமல் இருப்பதை வைத்து மேசை சுத்தம் என்று நினைக்கக் கூடாது. ஈர வடிதாளால் மேசை, சுழலியின் உட்பக்கம், குளிரூட்டிக் கைபிடி எல்லாம் துடைத்து, அந்தத் தாள்களைக் குழாய்களோடு சேர்த்து எண்ண அனுப்புங்க. கையுறை இரண்டு, வெளியுறையை அடிக்கடி மாற்றுங்க. டி.சி.ஏ தோலைச் சுடும், அதற்காகவும் கண்ணாடி போடுங்க.

உறிஞ்சிய டி.சி.ஏ ஒரு போத்தல், எதனோல் வேறு போத்தல், சின்டிலேஷன் திரவம் மூன்றாவது. மூன்றையும் கலக்க வேண்டாம். தொட்டியில் ஊற்றவே வேண்டாம், நீங்கள் அளக்கும் வாவிக்கே அது போய்ச் சேரும். ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் டெக்னீசியம் 99எம்முக்கு 6 மணித்தியால அரைவாழ்வு, சில நாள் பூட்டி வைத்தால் தானாகவே முடிந்துவிடும். ட்ரிட்டியத்துக்கு 12.3 ஆண்டு, வைத்திருந்து தீர்க்க முடியாது. கதிர் லியூசினின் மூலப் போத்தலை 4 பாகையில் வையுங்க, உறையவிட வேண்டாம். கதிர்ச்சிதைவை விட, தன் கதிராலேயே லியூசின் மூலக்கூறு உடைவதுதான் முந்தும். அதனால் ஒரு பருவத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்காதீங்க.

குழாய்களை உலர்ந்த படிவாகவே அனுப்புங்க. எதனோல் கழுவி, மூடி திறந்து நன்றாகக் காயவிட்டு, புது மூடி போட்டு, நிமிர்த்தி அடுக்கி. திரவம் எண்ணும் இடத்தில் விடலாம். திரவத்தோடு அனுப்பினால் வழியில் கசியும், அதைக் கொண்டுபோவதும் எரிதிரவக் கணக்கில் வரும். பிந்துமே என்று யோசிக்க வேண்டாம்: ட்ரிட்டியம் ஆண்டுக்கு 5.5 வீதம்தான் குறையும், ஒரு மாதம் பிந்தினால் அரை வீதமும் இல்லை. எண்ணிய திகதியை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்க.